பன்னிரண்டாவது உயிர்

"இதுவரைக்கும் எத்தனை உயிரும்மா எடுத்திருக்க?"

எங்கள் டெவலப்மெண்ட் ஆபீசர் இப்படித்தான் கேட்பார். அதுவும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் காதில் விழும்படி கேட்பார். பக்கத்து மேஜையில் தோசை தின்றுகொண்டிருப்பவர்கள் பாதி விள்ளலோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். கையில் குடையும் தோளில் பையுமாக உட்கார்ந்திருக்கும் முப்பது வயதுப் பெண்பிள்ளை, "பதினொண்ணு சார், இன்னும் ஒண்ணுதான் வேணும்" என்று பதில் சொன்னால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

ஆயுள் இன்சூரன்ஸ் தொழிலில் பாலிசி எடுக்கிற ஆளுக்கு 'லைஃப்' என்று பெயர். புதிதாக வந்த ஏஜெண்ட் முதல் வருஷத்துக்குள் பன்னிரண்டு லைஃபாவது சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏஜென்சி ரத்து என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோகும் அந்த மனிதர் அதை அப்படியே தமிழில் சொல்லி, நான் எமதர்மனின் கிளை ஆபீசில் வேலை பார்ப்பதுபோல ஆக்கிவிட்டார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு நானே வீட்டில் அப்படிப் பேச ஆரம்பித்தேன்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்த அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓரம் கிழிந்ததுதான் மிச்சம், வேலை வரவில்லை. புளியங்குடியிலிருந்து கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த ஏஜென்சியை எடுத்தேன். என் வீட்டுக்காரருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. அவருக்கு ஆட்சேபணை இல்லை, அதாவது அவருடைய அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லாத வரைக்கும். மாமாவோ, வயலையும் வாய்க்காலையும் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர்.

"சாவைப் பத்திப் பேசதுக்கு ஒரு பொம்பளை வீடு வீடா ஏறி இறங்குவாளாக்கும்?" என்று கேட்டார். ரெண்டு நாள் யோசித்துவிட்டு அவரே தீர்ப்பும் சொன்னார். "ஒரு வருசம் பாரு. அந்த ஆபீசர் சொல்லுத கணக்கு முடிஞ்சா சரி. முடியலைன்னா மரியாதையா விட்டுப்போட்டு வீட்டுல இரி."

"சரி மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் வினை. காலையில் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் ஊரே எனக்காகத் திறந்துவைத்த மாதிரி இருக்கும். நான் பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னை வாயாடி என்றுதான் திட்டியிருக்கிறார்கள். அந்த வாய்க்கு யாராவது கமிஷன் தருவார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. எந்தச் சாமி வந்து கேட்டாலும் இதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வாய் இருந்து என்ன, வார்த்தைகள் அல்லவா மல்லுக்கு நின்றன. பிரீமியம் என்றால் யாருக்கும் ஏறாது, தவணை என்றால் உடனே புரியும். அது ஒன்றும் சிரமமில்லை. நாமினிதான் பாடாய்ப்படுத்தியது. பாலிசி எடுத்தவர் காலமானால் பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தான் நாமினி. இதை ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? 'காலமானால்' என்று வாயெடுத்ததுமே உள்ளேயிருந்து, "வெள்ளியும் செவ்வாயுமா என்ன பேச்சு இது" என்று குரல் வரும். காப்பி வராது. ரெண்டு மூன்று வீடுகளில் காப்பியை இழந்த பிறகு, "நீங்க ஊர்ல இல்லாதப்ப யாரு கையில ரூவாயைக் கொடுக்கணும்?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். 

ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, கல்யாணமே செய்துகொள்ளாதவர், என்னுடைய நாலாவது லைஃப். "நாமினி யாரு அண்ணாச்சி?" என்றேன்.

"கோமதி அம்மா" என்றார்.

எழுதிக்கொண்டேன். "என்ன உறவு வேணும்?"

"தாயி."

"வயசு என்ன இருக்கும்?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே கோயில் கோபுரம் இருக்கும் திசையைக் காட்டி, "அதை நான் எப்படிம்மா சொல்லுதது" என்றார். அம்பாளே நாமினி என்றால் ஆபீசில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், செக் போட்டால் வாங்கிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று நான் அரைமணி நேரம் மன்றாடினேன். கடைசியில் அக்காள் மகன் பேரைக் கொடுத்தார், ஏதோ எனக்காகத் தன் நம்பிக்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டவர் மாதிரி.

ஆரோக்கியத்தைப் பற்றிய கேள்விகள் இன்னொரு கூத்து. சமீபத்தில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. எங்கள் ஊரில் காய்ச்சலானாலும் வயிற்றுவலியானாலும் கோயில் புற்று மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிடுவார்கள். கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்கள், நானும் உண்மையை எழுதினேன். அது என்ன மருந்து, எந்த டாக்டர் கொடுத்தார் என்று ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது. டெவலப்மெண்ட் ஆபீசர் நேரில் வந்து, ஒரு சிட்டிகை மண்ணை வாயில் போட்டுப் பார்த்து, "ஒண்ணும் செய்யலை, நான் எழுதிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். 

அப்புறம் சலுகை நாள். தவணை தேதி தப்பிப்போனாலும் பாலிசி உடனே காலாவதி ஆகிவிடாது, மேற்கொண்டு கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அதை கிரேஸ் பீரியட் என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த அவகாசத்தின் கடைசி நாள்தான் உண்மையான தவணை தேதி. குருவிகுளம் பக்கத்துக் கரிசக்காட்டுச் சம்சாரி ஒருவருக்கு மறுநாள் கடைசி நாள் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். பணம் மடியில் தயாராக இருக்கிறது, ஆனால் கொடுக்க மாட்டார். "வெள்ளிக்கிழமை வெளக்கு வச்ச பொறவு லட்சுமியை வெளிய அனுப்பலாமாம்மா, நீயே சொல்லு" என்கிறார். நான் என்ன சொல்ல? என் வீட்டிலும் அதே வழக்கம்தானே. கடைசியில் பக்கத்து வீட்டில் அன்று இன்னும் விளக்கு வைக்கவில்லை என்று தெரிந்து, இவருக்காக அந்த வீட்டுக்காரர் ஓடிவந்து பணத்தைக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரம்மா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கும்வரை காத்திருந்தாள்.

இப்படி ஏறி இறங்கிப் பதினோரு லைஃபைச் சேர்த்துவிட்டேன். பன்னிரண்டாவதுக்கு வந்தபோது ஆடி மாசம் பிறந்துவிட்டது.

என்னுடைய ஏஜென்சி வருஷம் முடிவது ஆடிக் கடைசியில். ஆடியில் யாரும் புதுசாக எதையும் தொடங்க மாட்டார்கள். கல்யாணம் பேச மாட்டார்கள், வீடு குடிபோக மாட்டார்கள், ஆயுளுக்குப் பாலிசி எடுப்பார்களா? போகிற இடமெல்லாம், "ஆவணி பெறக்கட்டும், மொத ஆளா நான் எடுக்கேன்" என்றார்கள். ஆவணிக்கு என்று வாக்குக் கொடுத்தவர்களே ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். 

"ஆவணில எடுத்தா அது அடுத்த வருசக் கணக்கும்மா" என்றார் டெவலப்மெண்ட் ஆபீசர். "உனக்குத்தான் அடுத்த வருசமே இல்லியே."

வீட்டில் மாமா காலண்டரில் தேதி கிழிக்கும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் என் கண் முன்னால் நிதானமாகக் கிழித்தார்.

தறிகள் நிறைந்த தெரு ஒன்றில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். அவளும் புருஷனுமாக ரெண்டு பவர்லூம் போட்டுப் பருத்திச் சேலை நெய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் வெயிலுக்குத் தண்ணீர் கேட்டு ஏறிய வீடு அது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனால் அவளைப் பார்க்காமல் வர மாட்டேன். அவள் கை பாட்டுக்கு நூலைச் சுற்றும், வாய் பாட்டுக்கு என்னைக் கேள்வி கேட்கும். முதிர்வு என்றால் என்ன, சரண்டர் என்றால் என்ன, பாதியில் கட்ட முடியாமல் போனால் கட்டின பணம் அம்போதானா என்று விடாமல் கேட்பாள். பாலிசி எடுத்த முதலாளிமார்கூட என்னிடம் அவ்வளவு கேட்டதில்லை. அவளிடம்தான் என் பன்னிரண்டாவது உயிரையும் மாமாவின் காலண்டரையும் சொல்லி அழுதேன். அழுதேன் என்றால் நிஜமாகவே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவள் புருஷனே என்னைக் கூப்பிட்டுவிட்டான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன், ஒல்லியான, வெட்கப்படுகிற ஆள். "நான் எடுக்கேன்க்கா" என்றான்.

"ஆடி மாசமாச்சேப்பா, பரவால்லையா?"

"நம்ம அம்மன் தவசு இருக்க மாசம்லாக்கா. இதைவிட நல்ல மாசம் எங்கன கெடக்கு?"

இந்த ஒரு பேச்சு எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். அவன் கேட்ட தொகைக்கு டாக்டர் பரிசோதனை வேண்டும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். உயரம், எடை, மூச்சை இழுத்தால் மார்பு எவ்வளவு, விட்டால் எவ்வளவு, நாடி, ரத்த அழுத்தம். நல்ல வாலிபன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. நான் அப்போதே பன்னிரண்டு என்று மனசுக்குள் எழுதிவிட்டேன்.

ஆபீஸ் ஒப்புதல் பெற்ற டாக்டர் வெளியூர்க்காரர், ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலையில் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். தறிக்காரத் தம்பி தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியும் குங்குமமுமாக வந்து நின்றான். டாக்டர் நாடியைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கையை விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், அதையும் ரெண்டு தடவை பார்த்தார்.

"ஓடி வந்தியாப்பா?"

"இல்ல சார், நடந்துதான் வந்தேன்."

"வேற ஏதும் படபடப்பு, மயக்கம்?"

"ஒண்ணும் கெடையாது சார்."

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இதை இப்படியே எழுதி அனுப்பினா ஆபீஸ்ல ஒத்திவைப்பாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றார். ஒத்திவைப்பு என்றால் நிராகரிப்பு அல்ல. கொஞ்ச மாசம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். வாங்குகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. எனக்குத்தான் ஒத்திவைக்க மாசம் இல்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொள்ளும்போது அவன் பாதத்தைப் பார்த்தேன். செக்கச்செவேலென்று, குதிகாலில் கொப்புளம் உடைந்து கிடந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த ஊரில் ஆடி மாசத்தில் கால் இப்படி ஆவதற்கு ஒரே காரணம்தான்.

"சுத்துனியா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

ஆடித் தபசுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் அம்பாளின் கால்வலியில் நாமும் பங்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்வார்கள். நேர்ந்துகொண்டவர்கள் கோயிலை நூற்றியொரு சுற்று, ஐநூற்றியொரு சுற்று என்று வேகுவேகென்று சுற்றுவார்கள். காலையில் போனால் பெண்களும் ஆண்களும் பிள்ளைகளும் வேர்த்து விறுவிறுத்துப் போய்க்கொண்டே இருப்பார்கள், ஒதுங்கி நிற்க இடம் கிடைக்காது. இந்தப் புண்ணியவான் அந்தச் சுற்றை முடித்த கையோடு டாக்டர் முன்னால் வந்து கையை நீட்டியிருக்கிறான்.

"நூத்தியொண்ணு நேர்ந்திருக்கேன்க்கா. தெனம் காலைல கொஞ்சம் கொஞ்சமா சுத்துதேன்."

"என்னத்துக்கு நேர்ந்த?"

"நேர்ந்ததை முடியதுக்கு முந்தி வெளிய சொல்லப்படாதுக்கா."

இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் என்றால் பயம், எப்படியாவது பாஸாக வேண்டும் என்று நேர்ந்திருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நடுத்தெரு என்றும் பார்க்கவில்லை. "பாஸாகணும்னு சுத்தி, சுத்துனதாலயே பெயிலாயிட்டு வாரியே, உனக்கு யாருப்பா இந்த யோசனையைச் சொன்னது? மத்த ஊர்க்காரன்லாம் டாக்டர்கிட்ட போகுறதுக்கு முந்தி பேசாம படுத்துக் கெடப்பான். நம்ம ஊர்க்காரன்தான் கோயிலைச் சுத்தி ஓடிட்டுப் போவான்" என்று கொட்டித் தீர்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, "நடுவுல நிறுத்தப்படாதுக்கா" என்று மட்டும் சொன்னான். 

நேர்ச்சையைப் பாதியில் நிறுத்து என்று சொல்கிற தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது? ஏஜென்சி போனால் மாமா ஏசுவார், அம்பாள் கோபித்தால் யார் தாங்குவது?

மூன்றாம் நாள் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப இது வியாதி இல்லை. சுத்தி முடிச்சு வந்து ரெண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்க" என்றார். உட்காரவைத்தேன். நானும் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு குழந்தைக்கு ஊசி போட்டார்கள், அது வீறிட்டது. ஸ்பிரிட் வாடை வந்தது. இவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. உள்ளே போய் டாக்டர் நாடியைப் பிடித்ததும் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். காலையில் சுற்றிய வேகம் குறைந்திருந்தது, அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆடியில் விரல்விட்டு எண்ணும்படிதான் நாட்கள் மிச்சம். நான் அவன் பெண்டாட்டியிடம் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். "உன் வீட்டுக்காரன் என்னைக்காவது நிம்மதியா இருந்து பாத்திருக்கியா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

அவள் யோசித்துப் பதில் சொன்னாள். "கரண்டு போச்சுன்னா நிம்மதியா இருப்பாவக்கா. தறி நின்ன ஒடனே அங்கனயே சாக்கை விரிச்சுப் படுத்து ஒறங்கிருவாவ. கரண்டு வந்தாத்தான் எந்திரிப்பாவ."

அந்தத் தெருவில் எல்லோருமே அப்படித்தான். கரண்டு இருக்கும்வரை தறி, போனால் தூக்கம். எப்போது போகும் என்று தெரியாது, எப்போது வரும் என்றும் தெரியாது, அதனால் கிடைக்கிற நேரத்தில் தூங்கிவிடப் பழகியிருந்தார்கள். அப்போதெல்லாம் ரெண்டு மணி வாக்கில் கரண்டு போகாத நாளே கிடையாது. நான் நேரே டாக்டரிடம் ஓடினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் தறிக்கூடத்துக்கு ஒரு நடை வர முடியுமா என்று கெஞ்சினேன். பரிசோதனையை வீட்டில் வைத்தும் செய்யலாம் என்பதால் அவர் மறுக்கவில்லை.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வந்தபோது தறிச் சத்தத்தில் நாங்கள் சொன்ன வணக்கம் அவருக்குக் கேட்கவில்லை. ரெண்டு தறியையும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியும் பயனில்லை. இந்தப் பக்கத்து வீட்டுத் தறி, அந்தப் பக்கத்து வீட்டுத் தறி, எதிர்வீட்டுத் தறி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். "எனக்கு இவர் நெஞ்சு கேட்கலைம்மா, தெரு முழுக்க இருக்கிற தறிதான் கேட்குது" என்று கத்தினார்.

ஆக, கரண்டு போக வேண்டும். எல்லோரும் உத்தரத்தில் தொங்கிய குண்டு பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ரெண்டு மணி ஆயிற்று. பல்பு எரிந்தது. ரெண்டரை ஆயிற்று, முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது. அப்போதுதான் அடுத்த வீட்டு நெசவாளி எட்டிப் பார்த்து, "தபசுக்குக் கூட்டம் வருதுல்லா, திருநாள் முடியுற வரைக்கும் கரண்டை நிறுத்த மாட்டாங்களாம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்பாளே, வருஷம் முழுக்கப் போகிற கரண்டை உன் தவசுக்காக இன்றைக்கா நிறுத்தாமல் விட வேண்டும்?

விஷயம் தெருவில் பரவிவிட்டது. ஆட்கள் வாசலில் கூடினார்கள். "கரண்டு வரலைன்னு காத்துக்கெடந்திருக்கோம். போவலைன்னு காத்துக்கெடக்க கூட்டத்தை இன்னைக்குத்தாம் பாக்கேன்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தறிக்காரத் தம்பி மட்டும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தான். என் சிநேகிதி வாங்கி வந்த கலர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு டாக்டர் எழுந்தார். "சாப்பிடணும்மா" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். நான் தலையாட்டினேன். மாமா கிழித்துப் போடும் காலண்டர் தாள் கண்ணுக்குள் வந்தது.

அவர் வாசலைத் தாண்டி ஸ்கூட்டர் பக்கம் போயிருப்பார். பல்பு அணைந்தது. எதிர்வீடு நின்றது, பக்கத்து வீடு நின்றது, தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது. எங்கேயோ ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது. எந்தப் புண்ணியவான் எந்த ஃபியூசைப் பிடுங்கினானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தால், தம்பி சாக்கை விரித்துத் தறிக்கு அடியில் படுத்துவிட்டான். டாக்டர் இருக்கிறார், ஊரே பார்க்கிறது என்பதெல்லாம் அவனுக்கு நினைவில் இல்லை. கரண்டு போனால் படுக்க வேண்டும், படுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. டாக்டர் திரும்பி வந்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பூப்போல அவன் கையை எடுத்து நாடி பார்த்தார். ரத்த அழுத்தமும் பார்த்தார். பிறகு அவனை எழுப்பி உட்காரவைத்து, "பயப்படாதே, எல்லாம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை பார்த்தார். முடிந்தது என்று நம்பியதால் அப்போதும் சரியாகவே இருந்தது.

"நார்மல்" என்றார் டாக்டர். தெருவே கைதட்டியது. தூக்கக் கலக்கத்தில் தம்பி, "கரண்டு வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டு தறியைப் போடப் போனான்.

தபசுக் கூட்டத்துக்கு நடுவில் டெவலப்மெண்ட் ஆபீசரைத் தேடிப்பிடித்துக் காகிதங்களைக் கொடுத்தேன். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஆடி முடிய ரெண்டு நாள் இருக்கும்போது அவர் திரும்பி வந்தார். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அன்றைய தேதியிலிருந்து ரிஸ்க் ஆரம்பம். அதாவது அந்தத் தேதியிலிருந்து அவனுக்கு ஏதும் என்றால் கம்பெனி பொறுப்பு. ஓட்டலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பன்னிரண்டு உயிரும் எடுத்தாச்சு, இனி இந்தம்மா நிரந்தரம்" என்று அறிவித்தார். எனக்கு ஒரு ஜிலேபியும் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் மாமாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "நாளைக்கு எந்தத் தெருவுக்குப் போற? ரொம்ப வெயில்ல அலையாத" என்றார். மறுநாள் காலண்டரைக் கிழிக்க ஆள் இல்லாமல் நானே கிழித்தேன்.

முதல் தவணை ரசீதைக் கொடுக்கத் தறிக்கூடத்துக்குப் போனபோது அவன் இல்லை, நூல் வாங்கப் போயிருந்தான். அவள் மட்டும் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குக் குஷி தாங்கவில்லை. "உன் வீட்டுக்காரனுக்கு அம்மன்மேல உள்ள நம்பிக்கையில கால்வாசி டாக்டர்மேல இருந்திருந்தா, நான் இப்படி நாயா அலைஞ்சிருக்க மாட்டேன். பாஸாகதுக்கு நூத்தியொரு சுத்தாக்கும்?" என்று கேலி செய்தேன்.

அவள் கை நின்றது. "அவிய பாஸாகதுக்கா சுத்துனாவ? அதுக்கு எதுக்குக்கா நேரணும்? அவியளுக்கு என்ன கேடு?"

"பொறவு என்னத்துக்காம்?"

"ஒங்களுக்கு இந்த ஏசென்சி நிக்கணும்னுல்லா சுத்துனாவ. நீங்க இங்கன உக்காந்து அழுதுட்டுப் போனியள்லா, அன்னைக்கு ராத்திரி நேர்ந்துக்கிட்டாவ. நீங்க ஏசுனப்பக்கூட வாயைத் தொறக்கலை. சொன்னா பலிக்காதுன்னு. நேத்தோட நூத்தியொண்ணும் முடிஞ்சுட்டு, அதாம் இப்பச் சொல்லுதேன்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நடுத்தெருவில் நான் கொட்டிய அத்தனையையும் அவன் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அவள் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று எங்கள் அம்மா புளியங்குடியிலிருந்து வந்து சுற்றியிருக்கிறாள். பிள்ளை பிறக்க வேண்டும் என்று என் மாமியார் சுற்றியிருக்கிறாள். நான் பார்க்கிற வேலை எனக்கு நிலைக்க வேண்டும் என்று ஒருவர் கோயிலைச் சுற்றியது அதுதான் முதல் தடவை.